தொட்டியைப் பார்த்த பிறகு வந்த கேள்வி

"டெங்குவை ஒழிப்பது எப்படி?" பிள்ளைகள் தாங்களே ஆய்வு செய்து முன்வைக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக எட்டாம் வகுப்பு மாணவிகள் இருவர் எழுதிவந்த தலைப்பு இது. இதற்கான விடை சுகாதாரத் துறையின் துண்டறிக்கையிலேயே இருக்கிறது. பார்த்து எழுதினால் ஆய்வு முடிந்துவிடும்.

முன்பெல்லாம் நானே பேனாவை வாங்கிக் கேள்வியைத் திருத்திக் கொடுத்துவிடுவேன். ஒருமுறை மாவட்ட மாநாட்டில், "ஏன் இந்தக் கேள்வியை எடுத்தீர்கள்?" என்று நடுவர் கேட்டதும் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டேன். வழிகாட்டி ஆசிரியர் எழுதிக் கொடுக்கும் கேள்வி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது பிள்ளைகளுடையது ஆகாது.

"விடை தேடி நாளைக் காலை எங்கே போவீர்கள்? எதை எண்ணுவீர்கள்?" என்று மட்டும் இவர்களிடம் கேட்டேன். பதில் இல்லை. டார்ச் விளக்கும் வெள்ளைக் கிண்ணமும் கொடுத்து, தங்கள் தெருவில் பத்து வீடுகளில் நீர் நிற்கும் இடங்களைப் பார்த்துவரச் சொன்னேன். ஆட்டுக்கல், பழைய டயர், கொட்டாங்குச்சி என்று பட்டியலோடு வந்தவர்கள் ஒன்றில் குழம்பியிருந்தார்கள்: "வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றுகிற சிமெண்ட் தொட்டியிலும் கொசுப்புழு இருக்கிறது, டீச்சர்."

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டியின் உட்சுவரில் முட்டையிடுகிறது. அந்த முட்டைகள் காய்ந்தாலும் பல மாதங்கள் தாங்கும். மறுபடி நீர் ஏறும்போது பொரிந்துவிடும். இதை நான் உடனே சொல்லவில்லை, நூலகத்துக்கு அனுப்பினேன். சொல்லாமல் இருப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. இரண்டு நாளில் அவர்களே எழுதிவந்தார்கள்: "தண்ணீரை மட்டும் மாற்றிய தொட்டியிலும், உட்சுவரைத் தேய்த்துக் கழுவிய தொட்டியிலும் எத்தனையாவது நாளில் புழு தெரிகிறது?"

அதன்பிறகும் கேள்வி மாறியது. தொட்டியைத் தேய்க்க ஒரு வீட்டில் தேங்காய் நார், இன்னொன்றில் பிளீச்சிங் பவுடர் என்றால் எதனால் புழு குறைந்தது என்று எப்படித் தெரியும்? நாரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மூடி போட்ட தொட்டியை விலக்கினார்கள். கேள்வியின் பழைய வடிவங்களை அடித்து அழிக்காமல் பதிவேட்டிலேயே வைக்கச் சொன்னேன். நடுவர்களுக்கு நான் முதலில் காட்டச் சொல்வது அந்தப் பக்கங்களைத்தான். புழு தென்பட்டதும் நீரை மண்ணில் கொட்டிவிட வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும்.

தேய்த்த தொட்டி ஒன்றிலும் புழு வந்தது. சோர்ந்துபோவார்கள் என்று நினைத்தேன். அவர்களோ அந்த வீட்டுக்குத் திரும்பிப் போய், நீர் நின்ற உயரம் வரைதான் தேய்த்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார்கள். பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போது இருப்பது: "நீர்மட்டத்துக்கு மேலே எத்தனை விரற்கடை வரை தேய்க்க வேண்டும்?"