தாயில்லாத ஒற்றைக் குஞ்சு: தீனிக்கு முன் சூடு

"டாக்டர், ஒரே ஒரு கோழிக்குஞ்சு இருக்கு. விடாம கத்துது. சாப்பிட என்ன கொடுக்கலாம்?" தொலைபேசியில் அடிக்கடி வரும் கேள்வி இது. நான் திருப்பிக் கேட்பது, "அது இருக்கிற இடம் சூடா இருக்கா?" என்றுதான்.

பொரிவதற்குச் சற்று முன், முட்டையில் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு குஞ்சின் வயிற்றுக்குள் போய்விடும். அந்தக் கையிருப்பில் குஞ்சு இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள்கூடத் தாக்குப்பிடிக்கும். அதனால் பொரித்த முதல் நாளில் கத்தும் குஞ்சுக்குப் பெரும்பாலும் பசி இருக்காது. குளிராக இருக்கும், இல்லையென்றால் துணை தேடும். இது தெரியாமல் தீனியைத் திணித்துக்கொண்டே இருப்பார்கள். குஞ்சு மறுநாள் காலையில் விறைத்துக் கிடக்கும்.

குஞ்சின் மேலிருக்கும் பஞ்சு போன்ற தூவிக்குக் குளிரைத் தடுக்கும் திறன் குறைவு. இறகு முழுதாக முளைக்க 5 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை உடல் சூட்டைத் தானாகக் காத்துக்கொள்ள அதனால் முடியாது. இருபது குஞ்சுகள் இருந்தால் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு சமாளிக்கும். ஒற்றைக் குஞ்சுக்கு அந்த வசதி கிடையாது. முதல் வாரம் அதன் முதுகு உயரத்தில் சுமார் 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம்.

வீட்டில் இருக்கும் எல்இடி பல்பைத் தொங்கவிட்டு, "லைட் போட்டிருக்கேனே டாக்டர்" என்பவர்கள் நிறையப் பேர். எல்இடி வெளிச்சம்தான் தரும், குஞ்சுக்குப் போதுமான சூடு தராது. பழைய குண்டு பல்போ, கோழிக்குஞ்சுக்கென்றே விற்கும் சூட்டு விளக்கோ வேண்டும். டெஃப்லான் பூச்சுள்ள பல்பு வேண்டாம். சூடேறினால் அதிலிருந்து வரும் புகை பறவைகளுக்கு விஷம். விளக்கை இரண்டு இடத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரே கட்டாக இருந்து அது அவிழ்ந்தால், விளக்கு குஞ்சு இருக்கும் அட்டைப்பெட்டியில் விழுந்து தீப்பிடித்துவிடும். மின்சாரம் போனால், வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள்.

பெட்டியின் ஒரு மூலை மட்டும் சூடாக இருக்கட்டும், எதிர்மூலை குளிர்ந்தே இருக்கட்டும். எங்கே நிற்பது என்பதைக் குஞ்சு பார்த்துக்கொள்ளும். தெர்மாமீட்டரை விட நான் நம்புவது அதைத்தான். விளக்குக்கு நேர் கீழே ஒடுங்கி உட்கார்ந்து உரக்கக் கத்தினால் சூடு போதவில்லை. விளக்கை விட்டுத் தள்ளிப்போய், வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை உடலிலிருந்து விலக்கி வைத்திருந்தால் சூடு அதிகம். மெல்லிய குரலில் கிசுகிசுத்துக்கொண்டே இங்கும் அங்கும் கொத்திக்கொண்டிருந்தால் சரியாக இருக்கிறது. இன்னொன்று: நன்றாகத் தூங்கும் குஞ்சு காலையும் கழுத்தையும் நீட்டித் தட்டையாகக் கிடக்கும். செத்துவிட்டது என்று பதறி அழைத்தவர்கள் உண்டு. பக்கத்தில் லேசாகத் தட்டுங்கள், எழுந்துவிடும்.

குளிர்ந்து துவண்டு கிடக்கும் குஞ்சுக்கு எடுத்தவுடனே தண்ணீரோ தீனியோ கொடுக்காதீர்கள். உள்ளங்கையில் பொத்தி வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள். தலையைத் தானாகத் தூக்கிய பிறகு, அலகின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் போதும். மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருப்பதால், வாய்க்குள் ஊற்றினால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். பால் வேண்டவே வேண்டாம், பறவைகளுக்கு அது செரிக்காது.

தண்ணீரை ஆழமில்லாத மூடியில், கூழாங்கல் போட்டு வையுங்கள். சாதாரணக் கிண்ணத்திலேயே குஞ்சு விழுந்து மூழ்கிவிடும். முதல் தடவை அலகின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டுக் காட்டுங்கள். தலையைத் தூக்கி விழுங்கினால் கற்றுக்கொண்டது என்று அர்த்தம்.

தீனியைத் தாய்க்கோழி கொத்திக் காட்டித்தான் சொல்லிக் கொடுக்கும். அந்த வேலை இப்போது உங்கள் விரலுக்கு. தரையில் கொஞ்சம் தீவனத்தைத் தூவி, விரல் நுனியால் டக் டக்கென்று தட்டுங்கள். குஞ்சு தலையைச் சாய்த்துப் பார்க்கும், பிறகு ஓடி வந்து விரல் பட்ட இடத்திலேயே கொத்தும். சுமார் 20 சதவீதம் புரதம் உள்ள குஞ்சுத் தீவனம் கொடுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து அதிகம். அது குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உடைத்த தானியத்தை மட்டுமே போட்டு வளர்த்தால் புரதமும் வைட்டமினும் போதாமல் குஞ்சு தேறாது. தீவனம் வாங்கும் வரை, வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்துக் கொடுக்கலாம். தின்றதா என்று சந்தேகமா? இரவில் கழுத்தின் அடியில் தொட்டுப் பாருங்கள். தீனிப்பை நிரம்பி மெத்தென்று இருக்க வேண்டும், காலையில் காலியாக இருக்க வேண்டும்.

கீழே செய்தித்தாள் மட்டும் விரிப்பதுதான் பலர் செய்யும் தவறு. வழுவழுப்பில் கால் வழுக்கி, இரண்டும் பக்கவாட்டில் விரிந்துவிடும். சொரசொரப்பான துணியை விரியுங்கள். கால் விரிந்துவிட்டதென்றால் முதல் சில நாட்களுக்குள், இரண்டு காலையும் இடுப்பகலத்துக்கு மேல் போகாதபடி மெல்லிய பட்டையால் இணைத்துக் கட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தள்ளிப்போட்டால் கஷ்டம்.

தினமும் ஒரு தடவை வாலுக்குக் கீழே பாருங்கள். எச்சம் ஒட்டிக் காய்ந்து ஆசனவாயை அடைத்திருந்தால், குஞ்சால் எச்சம் போட முடியாமல் செத்துப்போகும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை அதன்மேல் வைத்து ஊறவிட்டுத் துடையுங்கள். பிய்த்து எடுத்தால் தூவியோடு தோலும் வந்துவிடும். துடைத்த பிறகு ஈரம் காயும்வரை விளக்கடியில் வையுங்கள். வயிற்றுப் பக்கம் தெரியும் சின்னக் கறுப்புப் பொருக்கு தொப்புள். அதைத் தொடவே கூடாது.

அப்புறம் துணை. முதல் இரண்டு நாளில் தன் பக்கத்தில் அசைவது எதுவோ அதைத் தாய் என்று குஞ்சு மனதில் பதித்துக்கொள்ளும். அது நீங்களாக இருந்தால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். அடுத்த அறைக்குப் போனால் வீடே அதிரக் கத்தும்போது தெரியும். கண்ணாடியும் பஞ்சு பொம்மையும் கொஞ்சம் உதவும். உண்மையான தீர்வு இன்னொரு குஞ்சுதான், அதே வயதில், நோயில்லாமல். பெரிய குஞ்சைச் சேர்த்தால் கொத்தியே காயப்படுத்திவிடும். அடைகாக்கும் கோழி யாரிடமாவது இருந்தால், பொரித்து ஓரிரு நாளே ஆன குஞ்சை இருட்டிய பிறகு அதன் வயிற்றடியில் மெதுவாகத் தள்ளி வைத்துப் பார்க்கலாம். விடிந்ததும் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். கோழி கொத்தினால் உடனே எடுத்துவிடுங்கள்.

கையிலேயே வளரும் குஞ்சு என்பதால் குழந்தைகள் முத்தம் கொடுப்பார்கள், முகத்தோடு வைத்துக்கொள்வார்கள். நல்ல ஆரோக்கியமாகத் தெரியும் குஞ்சின் எச்சத்திலும் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், பெட்டி சமையலறையில் இருக்கக் கூடாது. 5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை அதோடு தனியாக விடாதீர்கள்.

ஒரே ஒரு குஞ்சுதானே என்று தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள். வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்கு முதல் வாரத்திலேயே கண்ணில் சொட்டு மருந்து விடுவது வழக்கம்; எது, எப்போது என்று உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். எச்சத்தில் ரத்தம், மூச்சில் கரகரப்பு, சூடு சரியாக இருந்தும் தொங்கிய இறக்கையோடு தூங்கி வழிவது, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே கிளம்புங்கள். போகும் வழியிலும் பெட்டிக்குள் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் இருக்கட்டும். அன்று போட்ட எச்சத்தையும், அது தின்னும் தீவனத்தில் ஒரு பிடியையும் பொட்டலம் கட்டி எடுத்து வந்தால், நாங்கள் கேட்கும் பாதிக் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கும்.