அடைத்த கழிப்பறையைத் தண்ணீரே திறக்கும்

கழிப்பறைக் கோப்பையின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அது வடியாமல் தங்கியது அல்ல, வேண்டுமென்றே நிறுத்தி வைத்தது. கோப்பைக்குப் பின்னால் குழாய் வளைந்து மேலே ஏறி, மறுபடி கீழே இறங்குகிறது. அந்த வளைவில் நிற்கும் தண்ணீர்தான் செப்டிக் டேங்கின் நச்சுக்காற்று வீட்டுக்குள் ஏறாமல் தடுக்கிறது. லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங் 1775-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. நாற்றத்தை மறிக்கும் அதே வளைவில்தான் பெரும்பாலும் அடைப்பும் விழுகிறது.

மலமும் டாய்லெட் பேப்பரும் நீரில் ஊறிக் கரைந்துவிடும். அரை மணி நேரம் பொறுத்தாலே பல அடைப்புகள் தளர்ந்துவிடுகின்றன. நாப்கின் அப்படியல்ல. அதற்குள் இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் துகள்கள் தண்ணீரை உறிஞ்சிக் கூழாக உப்பி, வளைவை இறுக்கிக்கொள்ளும். எவ்வளவு ஊறினாலும் அது கரையாது.

அடைப்பு என்று தெரிந்ததும் மறுபடி ஃபிளஷ் செய்யாதீர்கள்; தண்ணீர் தரையில்தான் வழியும். கைப்பிடியின் முனையில் ரப்பர் கிண்ணம் பொருத்திய பிளஞ்சரை எடுங்கள். அந்தக் கிண்ணம் நீரில் முழுக்க மூழ்கியிருக்க வேண்டும். காற்றை அமுக்கினால் அது சுருங்கிக்கொள்ளும், நம் கைவிசை அங்கேயே தீர்ந்துபோகும். தண்ணீர் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. எனவே கிண்ணத்துக்கும் அடைப்புக்கும் நடுவில் உள்ள நீர், உலக்கையைப் போல விசையை அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. முதல் அழுத்தம் மெதுவாக இருக்கட்டும். உள்ளே சிக்கிய காற்று வெளியேறிவிடும். அதன் பிறகு கிண்ணத்தின் விளிம்பு கோப்பையை விட்டு விலகாமல் அமுக்கி, வெடுக்கென்று இழுக்க வேண்டும். பலரும் அமுக்குவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அமுக்க மட்டும் செய்தால் அடைப்பு மேலும் இறுகக்கூடும். முன்னும் பின்னும் அசைத்தால்தான் பிடி தளரும்.

பிளஞ்சர் இல்லையென்றால் நீர்மட்டம் இறங்கும்வரை காத்திருந்து, ஒரு வாளித் தண்ணீரை இடுப்புயரத்திலிருந்து ஒரே வீச்சில் ஊற்றலாம். வெதுவெதுப்பான நீர் நல்லது. கொதிநீர் பட்டால் பீங்கான் விரிசல் விடக்கூடும்.

ஆசிட் வேண்டவே வேண்டாம். அது உப்புக்கறையைக் கரைக்குமே தவிர, துணியையும் பிளாஸ்டிக்கையும் தொடாது. முன்பே பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் இரண்டும் கலந்து குளோரின் வாயு கிளம்பும். காற்றைவிடக் கனமான அந்த வாயு தரையோடு தேங்கும். குனிந்து வேலை செய்பவரின் மூக்கும் அங்கேதான் இருக்கிறது.

பிளஞ்சரை அமுக்கும்போது குளியலறைத் துவாரத்திலும் அழுக்குநீர் பொங்கினால், அடைப்பு வளைவில் இல்லை. வெளியே கழிவுக்குழாய்கள் சேரும் தொட்டியான சேம்பர் அடைத்திருக்கும், அல்லது செப்டிக் டேங்க் நிரம்பியிருக்கும். உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சுவாயு தேங்கும் அந்த டேங்குக்குள் யாரையும் இறக்காதீர்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் இந்தியாவின் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.