ஃபெல்ட்: கம்பளியும் இல்லை, துணியும் இல்லை

"உணர்ந்த தொப்பி" என்று எங்காவது படித்தால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். அது மொழிபெயர்ப்பு இயந்திரம் செய்த வேலை. ஆங்கிலத்தில் ஃபெல்ட் என்ற பொருளின் பெயரும் ‘உணர்ந்தேன்’ என்ற வினையும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருப்பதால் வந்த வினை அது. என் கோபம் அதே ஃபெல்ட் தொப்பிக்கு மனிதர்கள் யோசித்து எழுதும் "கம்பளித் துணித் தொப்பி"யின் மேல்தான். படித்தால் தவறு என்றே தோன்றாது. அதனால்தான் பழைய ஐரோப்பியத் தொப்பிகளைப் பற்றித் தமிழில் எழுதப்படும் ஒவ்வொரு குறிப்பிலும் அது உரிமையோடு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

முதலில் பொருள். ஃபெல்ட் நெய்யப்படுவதில்லை. அதில் பாவும் இல்லை, ஊடும் இல்லை. விலங்கின் மயிரை வெந்நீரிலும் ஆவியிலும் நனைத்து, உருட்டிப் பிசைந்து தேய்க்கத் தேய்க்க, ஒவ்வோர் இழையின் மேலும் உள்ள நுண்செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, பிரிக்க முடியாதபடி இறுகிவிடும். கம்பளி ஸ்வெட்டரைத் தெரியாமல் வெந்நீர் விட்டு வாஷிங் மெஷினில் சுற்றவிட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்பாவுக்கு வாங்கியது, தடித்துச் சுருங்கிப் பிள்ளைக்குச் சேரும் அளவில் வெளியே வரும்.

சொல் ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஜெர்மனில் ஃபில்ட்ஸ், டச்சில் ஃபில்ட். இடைக்கால லத்தீன் அதை ஃபில்ட்ரும் என்று எடுத்துக்கொண்டது. இத்தாலிய ஃபெல்ட்ரோவும் பிரெஞ்சு ஃபோத்ரும் அந்த வழியில் வந்தவை. வேரின் பொருள் ‘அடித்தல்’ என்பது பொதுவாகச் சொல்லப்படும் கருத்து. அக்காலத்தில் நீர்மங்களை வடிகட்ட இந்தப் பொருளைப் பயன்படுத்தியதால் ‘ஃபில்டர்’ என்ற சொல்லும் இதிலிருந்தே பிறந்தது. ஆக, ஃபில்டர் காபியின் முன்பாதியை நாம் தினமும் காலையில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். சொல்வரலாறு இவ்வளவு போதும்.

இனி கம்பளித் துணிக்கு வருவோம். ‘துணி’ என்பது துணிக்கப்பட்டது, தறியிலிருந்து அறுத்தெடுத்தது. ஃபெல்ட் தொப்பியோ அறுத்துத் தைக்கப்படுவதில்லை. துளைகள் உள்ள செம்புக் கூம்பு ஒன்றின் மேல் மயிரை ஊதிப் படியவிட்டு, உள்ளிருந்து காற்றை உறிஞ்சி, வெந்நீர் தெளித்து எடுத்தால் தொப்பியைப் போல இரண்டு மடங்குக்கும் பெரிய, தொட்டால் கிழியும் ஒரு கூடு கிடைக்கும். அதைச் சுருக்கிச் சுருக்கித்தான் தொப்பியாக்குகிறார்கள். நல்ல தொப்பியின் உடலில் ஒரு தையல்கூட இருக்காது. நாடாவையும் உள்ளே ஓடும் தோல்வாரையும் மட்டுமே தைத்திருப்பார்கள். இதைத் துணி என்பவர் தொப்பியைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

‘கம்பளி’ செய்யும் கெடுதல் இதைவிடப் பெரிது. கம்பளி என்றால் தமிழனுக்கு ஆடு. சேகரிப்பவர்கள் தேடும் உயர்ந்த தொப்பிகளில் ஆட்டுக்கு இடமே இல்லை. அவை முயல், காட்டுமுயல், பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கு ஆகியவற்றின் அடிமயிரால் ஆனவை. ஜூசெப்பே போர்சலினோ 1857-இல் இத்தாலியின் அலெசாண்ட்ரியாவில் தொடங்கிய பட்டறையின் பெயர் எதனால் நிலைத்தது? முயல் மயிரால். இன்றைய செக் நாட்டின் நோவி யிச்சினில், அன்றைய ஜெர்மன் பெயரில் நொய்டிட்ஷைனில், ஹ்யூக்கல் குடும்பம் செய்த தொப்பிகளைத் தடவிப் பார்த்தவர்கள் மற்றவற்றை மதிப்பதில்லை. அதுவும் மயிர்தான்.

ஆட்டுக் கம்பளியிலும் ஃபெல்ட் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஜெர்மனியின் கூபன் நகரம் அதனால் பெயர் பெற்றது. மழையில் நனைந்தாலும் உருக்குலையாத கம்பளி ஃபெல்ட் தொப்பியை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே செய்து காட்டியவர் கார்ல் காட்லோப் வில்கே. ஆனால் இரண்டும் வேறு வேறு சரக்கு. ஜெர்மன்காரர்கள் கம்பளியால் ஆனதை வோல்ஃபில்ட்ஸ் என்றும் மயிரால் ஆனதை ஹார்ஃபில்ட்ஸ் என்றும் பிரித்தே சொல்வார்கள். இத்தாலியர்களுக்கு ஃபெல்ட்ரோ தி லானா, ஃபெல்ட்ரோ தி பேலோ. தொட்டால் தெரியும், எடையில் தெரியும், விலையில் நிச்சயம் தெரியும். நம் மொழிபெயர்ப்பாளர் முதலாவதைக் ‘கம்பளிக் கம்பளித் துணி’ என்பாரா? இரண்டாவதை ‘மயிர்க் கம்பளித் துணி’ என்பாரா? இரண்டையும் கம்பளித் துணி என்று ஒரே மூட்டையில் கட்டி, முயல் மயிர் விலையில் ஆட்டு மயிரை விற்பவனுக்கு உதவி செய்வார்.

இன்னொன்று. தொப்பித் தொழிலாளர்களின் கைநடுக்கம், மனக்கலக்கம் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். காரணம் பாதரசம் என்றும் எழுதுகிறார்கள். கம்பளிக்கு எதற்குப் பாதரசம்? தேவையே இல்லை, அது தானாகவே பின்னிக்கொள்ளும். முயல் மயிர் அப்படி லேசில் பின்னாது என்பதால்தான் பாதரச நைட்ரேட் கரைசலைத் தடவி அதன் செதில்களைக் கிளப்பிவிட்டார்கள். மயிர் நுனி ஆரஞ்சு நிறமாகும். ஆங்கிலேயர்கள் அந்த வேலைக்குக் கேரட்டின் பெயரையே வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ‘ரகசியம்’ என்ற சொல்லிலிருந்து செக்ரெத்தாஜ் என்று பெயரிட்டார்கள். கம்பளித் துணி என்று எழுதிவிட்டால் அந்த நஞ்சு அங்கே எப்படி வந்தது என்பதே புரியாமல் போய்விடும்.

சரி, என்ன சொல்லலாம்? ‘ஃபெல்ட்’ என்றே எழுதலாம் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆய்தம் விழாமல் இருக்கும்வரை. அச்சில் அந்த ஃ முதலில் தொலைவது வழக்கம். பிறகு மிஞ்சுவது ‘பெல்ட் தொப்பி’. ‘அழுத்திய கம்பளி’ என்பதும் காதில் விழுகிறது. அழுத்தினால் ஃபெல்ட் ஆகாது. இழைகள் அசைந்து பின்ன வேண்டும். அழுத்துவதெல்லாம் கடைசியில் தொப்பியை அதன் வடிவ அச்சில் ஏற்றும்போதுதான். ‘சடை’ என்ற சொல் எனக்கு ஒரு காலம் ஆசை காட்டியது. மயிர் சடை பிடிப்பதுதானே ஃபெல்ட்? ஆனால் ‘சடைத்தொப்பி’ என்றால் நாடக மேடையில் சிவன் வேடக்காரர் வைத்துக்கொள்வது என்றே நினைப்பார்கள்.

நான் சொல்வது துவைமயிர். துவைத்தல் என்றால் அடித்தல், மிதித்தல், இடித்தல். துணிக்கு மட்டும் உரியதன்று. துவையலும் அதிலிருந்து வந்ததே. ஒருவனைத் ‘துவைத்து எடுத்துவிட்டார்கள்’ என்கிறோமே, அந்தத் துவை. ஜெர்மானிய வேரின் பொருளும் செய்முறையும் இந்த ஒரு சொல்லில் சேர்ந்து வந்துவிடுகின்றன. ஆட்டு மயிரானால் துவைகம்பளி. போர்சலினோ செய்தது துவைமயிர், கூபனில் செய்தது துவைகம்பளி, குழப்பம் தீர்ந்தது.

‘மயிர்’ கூசுகிறதாம். அதனால்தான் ‘முடி’, ‘உரோமம்’ என்று ஓடி ஒளிகிறார்கள். திட்டுகிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்காக ஒரு சொல்லை அவர்களுக்கே எழுதிக் கொடுத்துவிட முடியுமா? மதுரையின் அறுவை வீதியை, அதாவது துணிக்கடைத் தெருவை, சொல்லும் சிலப்பதிகாரம் "நூலினும் மயிரினும் நுழைநூல் பட்டினும்" என்று துணி வகைகளை அடுக்குகிறது. இளங்கோவுக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு?

இதே மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலத்தில் ‘கிரௌன்’ எனப்படும் தொப்பியின் மேற்பகுதியைக் ‘கிரீடம்’ என்று எழுதுவதையும் சொல்லாமல் விட முடியவில்லை. "கிரீடத்தில் சிறு துளை உள்ளது" என்றால் எந்த அரசனுடையது என்று கேட்கத் தோன்றுகிறது. தொப்பியின் உச்சி என்றால் போதாதா? 1930-களின் தொப்பியைப் ‘பழங்காலத் தொப்பி’ என்கிறார்கள். தாத்தா போட்டிருந்திருக்கக்கூடிய தொப்பி அது, அகழாய்வில் எடுத்ததல்ல. ‘பழைய தொப்பி’ என்றால் மதிப்புக் குறைந்துவிடும் என்ற பயம்.

எல்லாவற்றிலும் மோசமானது ‘வெலூர்’ என்ற சொல்லுக்கு நேர்ந்த கதி. பிரெஞ்சில் வெலூர் என்றால் வெல்வெட் என்று அகராதி சொல்வது உண்மைதான். ஆனால் தொப்பிக்காரர்களின் வெலூர், மேற்பரப்பில் மயிரை மென்மையாக எழுப்பிவிட்ட துவைமயிர். வெல்வெட்டோ நெய்த துணி. ஹ்யூக்கல் தொப்பிகளில் ஆட்கள் தேடி அலைவதே இந்த வெலூருக்காகத்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த ஆலை அரசுடைமையாகி டோனாக் ஆனது. டோனாக் என்பது ‘தொப்பித் தொழிற்சாலைகள்’ என்ற செக் தொடரின் சுருக்கம். ஆகவே உள்துணியில் ஹ்யூக்கல் பெயர் இருந்தால் தொப்பி அதற்கு முந்தியதாக இருக்கக்கூடும். அப்படிப்பட்ட ஒன்றை ‘வெல்வெட் தொப்பி’ என்று எழுதி வைத்தால், தேடுகிறவர் அதைத் தாண்டிப் போய்விடுவார்.