ஃப்ளூ யாரைத் தாக்கும்: வயதும் பிறந்த ஆண்டும்

1977 மே மாதம் வடசீனாவில் தலைகாட்டிய எச்1என்1 ஃப்ளூ, அந்த ஆண்டு முடிவதற்குள் சோவியத் ஒன்றியத்தில் பரவிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளும் படை முகாம்களில் இருந்த இளைஞர்களும் கொத்துக்கொத்தாகப் படுத்தார்கள். இருபத்தைந்து வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை. வைரஸை ஆராய்ந்தபோது காரணம் தெரிந்தது: 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலவிய வைரஸும் இதுவும் மரபணு அளவில் ஏறக்குறைய ஒன்றே. 1957-ல் எச்2என்2 வந்ததும் எச்1என்1 மறைந்துபோயிருந்தது. அதற்கு முன் பிறந்தவர்கள் சிறுவயதிலேயே அதைச் சந்தித்தவர்கள். இருபது ஆண்டுகள் கழிந்தும் அவர்கள் உடல் அதை மறக்கவில்லை.

குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் ஃப்ளூ ஆபத்தானது என்று நாம் சொல்வது சரிதான். ஆனால் அதில் பாதிக் கணக்குதான் இருக்கிறது. எத்தனை வயது என்பதோடு, எந்த ஆண்டில் பிறந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுக் கணக்கும் பிடிபடும்.

வைரஸின் மேற்பரப்பில் ஹீமக்ளூட்டினின் (எச்1என்1 என்ற பெயரில் உள்ள ‘எச்’ இதுதான்) என்ற புரதம் காளான்போல் முளைத்து நிற்கிறது. அதன் தலைப்பகுதிதான் நம் சுவாசப்பாதைச் செல்களைப் பற்றிக்கொள்கிறது. கிருமியைக் கட்டிப்போட உடல் உருவாக்கும் புரதங்களான ஆன்டிபாடிகள் பெரும்பாலும் இந்தத் தலையையே குறிவைக்கின்றன. தலையும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மாறித் தப்பிக்கிறது. தண்டுப்பகுதி அவ்வளவாக மாறுவதில்லை. ஒருவர் வாழ்நாளில் முதன்முதலாகச் சந்திக்கும் ஃப்ளூ வைரஸ், ஆன்டிபாடி செய்யும் முறையை நினைவில் வைத்திருக்கும் அவருடைய நினைவு பி செல்களில் ஆழமாகப் பதிந்துவிடுகிறது. பிறகு வேறு வகை வைரஸ் வந்தாலும், உடல் புதிதாகக் கற்பதைவிடப் பழைய ஆன்டிபாடிகளையே முதலில் பெருக்குகிறது. இதை அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் பிரான்சிஸ் 1960-லேயே விளக்கிவிட்டார்.

இந்த எதிர்ப்பாற்றலை அளக்கும் முறையைக் கொஞ்சம் பார்த்துவிடுவது நல்லது. ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை 1:10, 1:20, 1:40 எனப் படிப்படியாக இரட்டிப்பாக நீர்க்கச் செய்து, குழிகள் உள்ள தட்டில் விடுகிறார்கள். ஒவ்வொரு குழியிலும் அளந்த வைரஸைச் சேர்த்து, பிறகு வான்கோழியின் சிவப்பணுக்களை ஊற்றுகிறார்கள். வைரஸ் தடையின்றி இருந்தால் சிவப்பணுக்களைப் பின்னிப் பிடித்து வலைபோல் பரப்பிவிடும். ஆன்டிபாடி அதைக் கட்டிப்போட்டிருந்தால் அணுக்கள் அடியில் பொட்டுபோலப் படியும். தட்டைச் சாய்த்தால் கண்ணீர்த் துளியாக வழியும். எவ்வளவு நீர்த்த சீரம்வரை இப்படிப் பொட்டு படிகிறதோ, அதுவே அவருடைய ஆன்டிபாடி அளவு. வழக்கமாகத் தவறு நேரும் இடமும் ஒன்று உண்டு. சீரத்திலேயே இயற்கையாக உள்ள சில சர்க்கரைப் புரதங்கள் வைரஸில் ஒட்டிக்கொண்டு, ஆன்டிபாடி இல்லாதவருக்கும் இருப்பதுபோல் காட்டிவிடும். அதனால் சீரத்தை முன்கூட்டியே ஒரு நொதியோடு 37 டிகிரியில் இரவு முழுக்க வைத்திருந்து அவற்றை அழிக்க வேண்டும். 1:40 அளவு இருந்தால் பெரியவர்களுக்குத் தொற்று அபாயம் சுமார் பாதியாகக் குறைகிறது. குழந்தைகளுக்கு அதே பாதுகாப்பு கிடைக்க சுமார் 1:110 தேவைப்பட்டதாக ஓர் ஆய்வு காட்டியது. இன்னொன்று, இந்தச் சோதனை தலைப்பகுதி ஆன்டிபாடியை மட்டுமே காட்டும். தண்டைத் தாக்குபவை இதில் தெரியாது.

2009-ல் எச்1என்1 வகைப் பன்றிக் காய்ச்சல் வந்தபோது, அமெரிக்காவில் சேமித்து வைத்திருந்த பழைய சீரங்களில் ஆன்டிபாடி அளவைச் சோதித்தார்கள். 1950-க்கு முன் பிறந்தவர்களில் 34 விழுக்காட்டினருக்கு 1:80 அல்லது அதற்கு மேல் இருந்தது. 1980-க்குப் பிறகு பிறந்தவர்களில் 4 விழுக்காட்டினருக்குத்தான் 1:40 அளவாவது இருந்தது. தாத்தா பாட்டிகள் தப்பிக்க, இளைஞர்களும் கர்ப்பிணிகளும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தது இதனால்தான்.

அடுத்து நடந்தது இன்னும் நுட்பமானது. 2013-14-ல் அதே எச்1என்1 அமெரிக்காவில் நடுவயதினரை வழக்கத்துக்கு மாறாகத் தாக்கியது. 1965-க்கும் 1979-க்கும் இடையில் பிறந்தவர்களில் பலர் 1977-ல் திரும்பிவந்த வைரஸால் முதல் பாடம் கற்றவர்கள். அவர்களுடைய ஆன்டிபாடிகள் ஹீமக்ளூட்டினின் தலையின் ஒரே ஒரு இடத்தையே பெரிதும் நம்பியிருந்தன. அந்த இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் போய்க் குளூட்டமின் வந்ததும் பிடி நழுவிவிட்டது. 1980-களின் நடுப்பகுதிக்குப் பிறகு உலவிய எச்1என்1 வைரஸ்களில் அந்த இடத்தைச் சர்க்கரை மூலக்கூறு ஒன்று மூடியிருந்தது. அவற்றைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த இடத்தைக் குறிவைக்கும் ஆன்டிபாடியே உருவாகாததால், இந்த மாற்றம் அவர்களைப் பாதிக்கவில்லை. ஒரே ஒரு அமினோ அமிலம் ஒரு தலைமுறையை மட்டும் பொறுக்கியெடுத்தது.

தண்டின் பங்கு பறவைக் காய்ச்சலில் தெரிகிறது. தண்டின் ஒற்றுமையை வைத்துப் பார்த்தால் எச்1, எச்2, எச்5 ஒரு குழு. எச்3, எச்7 மற்றொரு குழு. 1968-ல் எச்3என்2 வந்தது. அதற்கு முன் பிறந்தவர்கள் முதலாவதாகச் சந்தித்தது எச்1 அல்லது எச்2. 2016-ல் வெளிவந்த ஆய்வின்படி, எச்5என்1 பெரும்பாலும் இளையவர்களையும், சீனாவில் 2013 முதல் பரவிய எச்7என்9 பெரும்பாலும் முதியவர்களையும் கடுமையாகத் தாக்கியது. முதல் தொற்று அதே குழுவைச் சேர்ந்ததாக இருந்தால் கடும் நோயிலிருந்து 75 விழுக்காடும், மரணத்திலிருந்து 80 விழுக்காடும் பாதுகாப்பு கிடைத்ததாக அது கணித்தது.

இனி வயதின் கணக்கு. பிறந்த குழந்தைக்குத் தாயின் ஐஜிஜி ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி வழியே வருகின்றன. சில மாதங்களில் கரைந்துவிடுகின்றன. ஆறு மாதத்துக்குள் ஃப்ளூ தடுப்பூசி போட முடியாது. ஆகவே கர்ப்பிணிக்குப் போடும் ஊசியே அந்தக் குழந்தைக்கும் ஊசி: வங்கதேசத்தில் நடந்து 2008-ல் வெளியான ஆய்வில், ஊசி போட்டுக்கொண்ட தாய்மாரின் கைக்குழந்தைகளுக்கு ஆய்வகத்தில் உறுதியான ஃப்ளூ 63 விழுக்காடு குறைந்தது. ஆறு மாதத்திலிருந்து எட்டு வயது வரை, முதன்முறையாகப் போடுபவர்களுக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும். முன் அனுபவம் இல்லாத உடலில் முதல் தவணை அறிமுகம் மட்டுமே செய்கிறது. இரண்டாவதை விட்டுவிடும் பெற்றோர் பலர். அதை விட்டால் குழந்தைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு குறைவாகவே இருக்கும்.

முதியவர்களிடம் சிக்கல் வேறு. பழைய நினைவுகள் உண்டு; புதிதாகக் கற்கும் திறன்தான் குறைவு. நோய் எதிர்ப்புக்கு உதவும் டி செல்கள் பழகும் தைமஸ் சுரப்பி வயதாக ஆகக் கொழுப்பாக மாறிவிடுகிறது. அதனால் வழக்கமான ஊசி (வைரஸ் வகை ஒன்றுக்கு 15 மைக்ரோகிராம்) மந்தமான பதிலையே தருகிறது. 60 மைக்ரோகிராம் கொண்ட உயர் அளவு ஊசி, 65 வயதைக் கடந்தவர்களிடம் வழக்கமான ஊசியைவிட 24 விழுக்காடு கூடுதலாக ஃப்ளூவைத் தடுத்தது. அது கிடைக்காவிட்டால் வழக்கமான ஊசியையாவது போட்டுக்கொள்ள வேண்டும். போடாமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல். வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: முதியவர்களுக்கு ஃப்ளூவில் காய்ச்சலே இல்லாமல் போகலாம். திடீர்க் குழப்பம், சாப்பாட்டில் வெறுப்பு, தடுமாறி விழுவது ஆகியவையே முதல் அறிகுறியாக வரும். ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு சுமார் ஆறு மடங்காக இருந்ததைக் கனடாவில் 2018-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே நெஞ்சுவலியை "ஜுர அசதி" என்று தள்ளிவிடக் கூடாது.

ஊசி போட்டு ஆன்டிபாடி உருவாக சுமார் இரண்டு வாரம் ஆகும். மாதங்கள் செல்லச் செல்ல அளவு இறங்கும், முதியவர்களிடம் இன்னும் வேகமாக. வட இந்தியச் சமவெளியில் ஃப்ளூ ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சத்தில் இருக்கும். சென்னை, வேலூர்ப் பகுதியில் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில் ஏறுகிறது. டெல்லியில் ஊசிக்கு ஏற்ற காலம் ஏப்ரல், மே என்றால், சென்னைப் பகுதியில் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ போட்டுக்கொள்வது பொருத்தம்.