பிணையக் காசோலை: சொல்லும் எதிர்வாதமும்

காசோலை திரும்பிய வழக்குகளில் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தரப்பு எடுத்து வைக்கும் வாதங்களுள் அடிக்கடி காதில் விழுவது, ‘அது செக்யூரிட்டிக்காகக் கொடுத்த செக்’ என்பதாகும். ‘செக்யூரிட்டி செக்’ என்ற இந்தச் சொல் ஒப்பந்தங்களிலும் பதில் அறிவிப்புகளிலும் சாட்சியத்திலும் இடம்பெறுகிறது; ஆனால், 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில், அதாவது செலாவணி முறிச் சட்டம் என்றும் சொல்லப்படுவதில், எங்கும் இல்லை. வணிகத்தில் பிறந்து வழக்காடலுக்குள் நுழைந்த சொல் இது. அதனால், அதைச் சொன்ன மாத்திரத்தில் சட்டம் எந்தச் சலுகையும் தந்துவிடுவதில்லை.

செக்யூரிட்டி என்பதன் இலத்தீன் வேர் ‘கவலையின்மை’ என்று பொருள்படும். அது பின்னர், கடன் கொடுத்தவரின் கவலையைப் போக்குவதற்காக வாங்கி வைக்கப்படும் பொருளையும் பத்திரத்தையும் குறிக்கத் தொடங்கியது. தமிழில் இதற்கு மூன்று பெயர்கள் புழங்குகின்றன. ‘பாதுகாப்புக் காசோலை’ என்பது சொல்லுக்குச் சொல் வைத்த மொழிபெயர்ப்பு. யாருக்குப் பாதுகாப்பு, எதிலிருந்து பாதுகாப்பு என்பது அதில் விளங்கவில்லை. ‘ஈட்டுக் காசோலை’ என்றால், நகையையோ நிலத்தையோ ஈடு வைத்ததைப் போலத் தானே மதிப்புடைய ஒரு பொருளை ஒப்படைத்ததாகத் தோன்றும். காசோலையோ வங்கிக்கு இடப்படும் கட்டளை மட்டுமே. பிணைத்தல் என்றால் கட்டுதல். கொடுத்தவரை ஒரு பொறுப்போடு கட்டி வைக்கும் தாள் என்ற பொருளில் ‘பிணையக் காசோலை’ என்பதே பொருத்தமானது என்பேன். அந்தக் கட்டின் மறுமுனையில் ஒரு பொறுப்பு உண்மையில் இருக்கிறதா என்ற கேள்வியையும் அந்தச் சொல்லே எழுப்பிவிடுகிறது. நீதிமன்றம் கேட்பதும் அதைத்தான்.

1988-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டு 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிரிவு 138, ‘கடன் அல்லது பிற பொறுப்பு’ முழுவதையோ ஒரு பகுதியையோ தீர்ப்பதற்காகக் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்புவதையே குற்றமாக்குகிறது. அந்தக் கடன் சட்டப்படி வசூலிக்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும். ஆகவே, பிணையக் காசோலை என்ற எதிர்வாதத்தை ஆராயும்போது, அது எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதோடு விசாரணை முடிவதில்லை. காசோலையில் எழுதப்பட்ட தேதியிலும் அது வங்கியில் செலுத்தப்பட்ட நாளிலும் கடன் நின்றதா என்பதே தீர்மானிக்கும் கேள்வியாகிறது.

உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை அருகருகே வைத்தால் இது தெளிவாகும். 2014-இல் முடிவான வழக்கில், விமான உதிரிபாகங்களுக்கான கொள்முதல் ஆணையோடு முன்பணமாகக் காசோலைகள் கொடுக்கப்பட்டன. பின்னர் ஆணை ரத்தானது, பொருளும் வரவில்லை. காசோலை கொடுத்தபோது நிலுவையில் கடன் எதுவும் இல்லை என்பதால் குற்றம் இல்லை என்று நீதிமன்றம் கூறியது. 2016-இல் முடிவான வழக்கில், இந்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி மேம்பாட்டு முகமை கடன் தொகையை வழங்கியிருந்தது. தவணைகளுக்கான பின்தேதிக் காசோலைகளை ஒப்பந்தமே ‘செக்யூரிட்டி’ என்று குறிப்பிட்டிருந்தது. ஆயினும், காசோலைத் தேதிகளில் தவணைகள் செலுத்தத்தக்கனவாகிவிட்டதால், பிணையம் என்ற பெயர் எதிரியைக் காப்பாற்றவில்லை. நிதிப் பரிவர்த்தனையை ஒட்டிப் பிணையமாகக் கொடுத்த காசோலையை எல்லாச் சூழ்நிலையிலும் பயனற்ற தாளாகக் கருத முடியாது என்று 2021-இல் அதே நீதிமன்றம் மேலும் விளக்கியது. அதே சமயம், கடன் முன்பே தீர்ந்திருந்தாலோ, தவணை வருவதற்கு முன் காசோலை செலுத்தப்பட்டிருந்தாலோ எதிர்வாதத்துக்கு இடமுண்டு.

இனி நிரூபணச் சுமை. கையொப்பம் தம்முடையது என்று எதிரி ஒப்புக்கொண்டதும், பிரிவு 118-உம் 139-உம் புகார்தாரருக்குச் சாதகமான அனுமானத்தை, அதாவது மாறாகக் காட்டப்படும்வரை உண்மை என்று கொள்ளும் நிலையை, எழுப்புகின்றன. அந்த அனுமானம் சட்டப்படி வசூலிக்கத்தக்க கடன் இருந்தது என்பதையும் உள்ளடக்கும் என்று 2010-இல் மூவர் அமர்வு தீர்ப்பளித்தது. அதை உடைக்க எதிரி ஐயத்துக்கு இடமின்றி எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. தமது கூற்றே நிகழ்ந்திருக்கக்கூடியது என்று காட்டினால் போதும். ஆனால், ‘செக்யூரிட்டி’ என்று குறுக்கு விசாரணையில் ஒரு வரி கேட்டுவிட்டு நிறுத்துவது அப்படிக் காட்டுவதாகாது. எந்தப் பரிவர்த்தனைக்காக, எப்போது கொடுத்தார், கடன் எப்படித் தீர்ந்தது, தீர்ந்த பிறகு காசோலையைத் திருப்பித் தரும்படி கேட்டாரா என்பவற்றுக்கு வங்கிக் கணக்கு விவரமும் பற்றுச்சீட்டும் கடிதமும் பேச வேண்டும். காசோலை திரும்பிய பின் பணம் கேட்டு அனுப்பப்படும் சட்ட அறிவிப்பு கிடைத்தும் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, விசாரணையில் முதன்முறையாக இந்த வாதத்தை எழுப்புகிறவரின் கூற்றுக்கு எடை குறைவு. பதில் அனுப்பாததையும் 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பு எதிரிக்குப் பாதகமாகவே எடுத்துக்கொண்டது.

பிணையக் காசோலையையும் நிரப்பாத காசோலையையும் ஒன்றாகக் குழப்புவதும் உண்டு. கையொப்பம் ஒரு மையிலும் தொகை வேறு மையிலும் இருப்பதைச் சுட்டிக்காட்டுவது பழைய உத்தி. தாமாக விரும்பிக் கையொப்பமிட்டுக் கொடுத்த தாளில் மற்றவர் விவரங்களை நிரப்பியதால் மட்டும் அனுமானம் விலகாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

உண்மையில் பலம் உள்ள இடம் பகுதித் தொகையில் இருக்கிறது. ஒருவர் 5 லட்சம் ரூபாய் கடனுக்குப் பிணையமாக அதே தொகைக்குக் காசோலை கொடுத்து, பின்னர் 3 லட்சத்தைத் திருப்பிச் செலுத்திவிட்டார் என்று கொள்வோம். கடன் கொடுத்தவர், வரவை பிரிவு 56-இன்படி காசோலையில் குறிக்காமல், அதை 5 லட்சத்துக்கே வங்கியில் செலுத்தினால், அந்நாளில் காசோலை கூறும் தொகை உண்மையான கடனாக இல்லை. இத்தகைய நிலையில் பிரிவு 138-இன் கீழ்க் குற்றம் அமையாது என்று 2022-இல் தீர்ப்பானது. எதிரி தரப்பு ‘செக்யூரிட்டி’ என்ற சொல்லை விட்டுவிட்டு வரவுக் கணக்கைக் கையில் எடுப்பதே இங்கு நல்லது.

பிணையக் காசோலை வேறு, பிணையாள் கொடுக்கும் காசோலை வேறு. முன்னதைக் கடனாளியே கொடுக்கிறார். பின்னதைக் கடனாளிக்காக உத்தரவாதம் ஏற்றவர் கொடுக்கிறார். தாம் கடன் வாங்கவில்லை என்று பிணையாள் வாதிட்டாலும், ‘பிற பொறுப்பு’ என்ற சொற்கள் அவரையும் உள்ளடக்கும் என்பது 2002-ஆம் ஆண்டு முதலே உச்ச நீதிமன்றத்தின் நிலை.