அலைவுகாட்டி

மின்னழுத்தம் நேரத்தோடு மாறுவதைத் திரையில் வரைந்து காட்டும் கருவி அலைவுகாட்டி. ஆய்வகங்களில் அதற்கு 'சி.ஆர்.ஓ.' (கேத்தோடு ரே ஆசிலோஸ்கோப்) என்ற பெயரே நிலைத்துவிட்டது. கேத்தோடு கதிர்க் குழாயே (எலக்ட்ரான் கற்றையால் திரையில் வரையும் குழாய்) இல்லாத இன்றைய டிஜிட்டல் கருவியையும் பலர் அப்படித்தான் அழைக்கிறார்கள். பொதுப்பெயர் ஆசிலோஸ்கோப்: இலத்தீனில் 'ஆசில்லாரே' ஊசலாடுதல், கிரேக்கத்தில் 'ஸ்கோபெயின்' பார்த்தல். ஜெர்மன் இயற்பியலாளர் ஃபெர்டினாண்ட் பிரௌன் 1897இல் உருவாக்கிய கதிர்க்குழாயே பழைய சி.ஆர்.ஓ.வின் மூதாதை.

தமிழில் அலைவுகாட்டி. தனி ஊசலின் அலைவுக் காலத்தை அளந்தவர்களுக்கு 'அலைவு' பழகிய சொல். 'அலைநோக்கி' என்று எழுதுவோரும் உண்டு. அது அவ்வளவு பொருந்தவில்லை. நுண்ணோக்கி, தொலைநோக்கி எல்லாம் கண்வைத்து நோக்குபவை, இதுவோ திரையில் வரைந்து காட்டுகிறது. 'அலை' என்றதும் மாணவர் வெளியில் பரவும் அலையை நினைத்துக்கொள்வதும் ஒரு தொல்லை. திரையின் கிடை அச்சு தூரமல்ல, நேரம். செங்குத்து அச்சு மின்னழுத்தம்.

காட்டுவது மின்னழுத்தத்தை மட்டுமே என்பதால், மின்தேக்கி மெல்ல நிரம்பும் குணத்தைக் காட்டச் சுற்றைத்தான் அதற்கேற்ப அமைக்க வேண்டும். சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து (வேண்டிய அலையை உண்டாக்கித் தரும் கருவி) 10 கிலோஓம் மின்தடை, அதன்பின் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, பிறகு கிரவுண்டு (சுற்றின் பூச்சிய வோல்ட் முனை). 100 ஹெர்ட்ஸ் சதுர அலை, 0 முதல் 5 வோல்ட் வரை; ஆஃப்செட், அதாவது அலையின் நடுமட்டம், 2.5 வோல்ட். அலைவுகாட்டியின் திரையில் கட்டத்துக்கு 1 வோல்ட், 1 மில்லிவினாடி, உள்ளீட்டுச் சுவிட்ச் டி.சி. நிலையில். ஏ.சி.யில் இருந்தால் ஆஃப்செட் மறைந்து, கோடு பூச்சியத்துக்கு மேலும் கீழுமாக நிற்கும். மின்தேக்கியின் குறுக்கே பார்த்தால் 1 மில்லிவினாடியில் சுமார் 3.2 வோல்ட், அதாவது 63 விழுக்காடு. அரைச்சுற்று 5 மில்லிவினாடி நீள்வதால் ஏறத்தாழ முழுதும் நிரம்பிவிடும். அதிர்வெண்ணை 500 ஹெர்ட்ஸாக்கினால் நிரம்ப நேரம் போதாது, வீச்சு சுருங்கும்.

மின்னோட்டத்தைப் பார்க்க மின்தடையின் குறுக்கே அளக்க வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். புரோபின் (அலைவுகாட்டியைச் சுற்றோடு இணைக்கும் கம்பி) கிரவுண்டு கிளிப்பை மின்தடையும் மின்தேக்கியும் சேரும் இடத்தில் மாட்டிவிடுவார்கள். அந்தக் கிளிப் எர்த்தோடு (நில இணைப்பு) இணைந்தது. ஜெனரேட்டரின் கிரவுண்டும் பெரும்பாலும் அப்படியே. மின்தேக்கி குறுக்குச்சுற்றாகி, திரையில் அழகான சதுர அலை வரும். அழகாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது. மின்தடையையும் மின்தேக்கியையும் இடம் மாற்றி, மின்தடையைக் கிரவுண்டுப் பக்கம் வையுங்கள். 5 வோல்ட்டில் எழுந்து தேயும் கூர்முனைகள் தெரியும். அதை 10 கிலோஓமால் வகுத்தால் உச்ச மின்னோட்டம் 0.5 மில்லிஆம்பியர்.