களிமண்ணுக்கு அடியில் இருக்கும் தண்ணீர்: போர்வெல்லை ஆழப்படுத்தும் முன் வடசென்னைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

"200 அடி போட்டா நல்ல தண்ணி வருமா சார்?" நிலத்தடி நீர் பார்க்கத் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மாதவரம் என்று எங்கே போனாலும் முதலில் கேட்கப்படுவது இதுதான். மேலே இருந்த தண்ணீர் உப்பாகியிருக்கும், அல்லது வற்றியிருக்கும். ஆழத்தில் தொடாத தண்ணீர் நிறைய இருக்கிறது என்ற நம்பிக்கையில் கேட்கிறார்கள். ரிக் வண்டிக்காரர் அடிக்கணக்கில் கூலி வாங்குகிறவர். அவர் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆழத்துத் தண்ணீர் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வடசென்னையும் அதற்கு வடக்கே மீஞ்சூர் வரையிலான பகுதியும் பெரும்பாலும் ஆறும் கடலும் கொண்டுவந்து போட்ட மண். கொசஸ்தலையாறும் ஆரணியாறும் சேர்த்த மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. மேல் மணலில் இருப்பது திறந்த தண்ணீர்: மழை பெய்தால் ஏறும், இறைத்தால் இறங்கும். உறை கிணறும் கை பம்பும் இதிலிருந்துதான் எடுத்தன. 1772-ல் கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க ஏற்பட்ட ஏழுகிணறும் இந்த மேல்மட்ட மணலை நம்பியதுதான்.

அதற்குக் கீழே பல இடங்களில் களிமண் படுகை வரும். அதையும் தாண்டினால் மறுபடி மணல். அந்த மணலில் உள்ள தண்ணீர் மேலும் கீழும் அடைபட்டு, அழுத்தத்தோடு இருக்கிறது. களிமண்ணைத் துளைத்ததும் தண்ணீர் குழாய்க்குள் சரசரவென்று மேலே ஏறி நிற்கும். "ஊத்து பலமா இருக்கு" என்று வீட்டுக்காரர் மகிழ்ந்துபோவார். ஏறி நிற்கும் அந்த மட்டம் அழுத்தத்தின் அளவு. எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அது சொல்லாது.

ஒரு கணக்கு பார்ப்போம். 100 சதுர மீட்டர் மனை, அதாவது ஏறத்தாழ 1,000 சதுர அடி. மேல் மணலில் நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினால் மணலின் துளைகள் நிஜமாகவே காலியாகின்றன. சுமார் 20,000 லிட்டர் கிடைக்கும். இரண்டு லாரித் தண்ணீர். அடைபட்ட மணலில் அதே 1 மீட்டர் அழுத்தம் குறைந்தால் கிடைப்பது பெரும்பாலும் சில லிட்டரிலிருந்து சில நூறு லிட்டர் வரைதான். நடுத்தரமாக 50 லிட்டர் என்று வைத்தாலும் மூன்று நான்கு குடம். ஏன் இந்த வித்தியாசம் என்றால், அங்கே துளைகள் காலியாவதே இல்லை. அழுத்தம் குறையும்போது தண்ணீர் இம்மியளவு விரிகிறது, மணலும் களிமண்ணும் இம்மியளவு நெருங்குகின்றன. பிழிந்து வெளியேறும் அந்தக் கொஞ்சம்தான் உங்கள் மோட்டாருக்கு வருகிறது. மோட்டார் கேட்கும் அளவைக் கொடுக்க அழுத்தக் குறைவு வெகுதூரம் பரவியாக வேண்டும். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் போர் ஓடும்போது இரண்டு தெரு தள்ளி இருக்கும் வீட்டில் மட்டம் இறங்குவது இதனால்தான். அடுத்த தெருக்காரர் பொறாமையில் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

இனி களிமண்ணுக்கு வருவோம். எனக்கு இந்தத் தொழிலிலேயே மிகவும் பிடித்த பகுதி இது.

மழையில் வீங்கி வெயிலில் பிளக்கும் களிமண்ணை நம் ஊரில் பார்த்திருப்பீர்கள். வீட்டுச் சுவரில் விரிசல் விடுவதும் அதன் வேலைதான். இந்த வகைக் களிமண்ணை நுண்ணளவில் பார்த்தால், அப்பளக் கட்டு போல அடுக்கிய மெல்லிய தகடுகள். ஒரு தகட்டின் கனம் ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு, அதாவது 1 நானோமீட்டர் அளவு. நன்றாக வீங்கும் களிமண் 1 கிராம் எடுத்து அதன் தகடுகளை எல்லாம் விரித்துப் போட்டால் 700 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு வரும். மூன்று கிரவுண்டு மனை! அந்தப் பரப்பு முழுக்க எதிர்மின்னூட்டம். நீர் மூலக்கூறின் குறுக்களவு சுமார் 0.28 நானோமீட்டர். தகடுகளின் இடுக்கில் அது முதலில் ஒரு வரிசை, பிறகு இரண்டு, பிறகு மூன்று என்று படிப்படியாகத்தான் நுழைகிறது. நுழைந்தபின் நம் குடத்துத் தண்ணீர் போல அலைவதில்லை. தகட்டோடு ஒட்டிக்கொண்டு வரிசைகட்டி நிற்கிறது.

அப்படி அடைபட்ட தண்ணீரின் இயல்பே மாறிவிடுகிறது. நுண்ணிய துளைக்குள் இருக்கும் தண்ணீர் 0 டிகிரியில் உறையாது. துளை சில நானோமீட்டர்தான் என்றால் அதற்கு வெகு கீழே போனாலும் உறையாமல் இருக்கும். மின்புலத்துக்கு ஏற்பத் திரும்பும் திறன் சாதாரணத் தண்ணீரில் 80 என்று அளவிடப்படுகிறது. மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் ஒரு நானோமீட்டர் இடுக்கில் அடைத்து அளந்தபோது அது சுமார் 2 ஆகிவிட்டது. உப்பைக் கரைத்து வைத்துக்கொள்ளும் ஆற்றல் தண்ணீருக்கு வருவதே இந்தத் திறனால்தான். மிகக் குறுகிய இடுக்கில் நுழைய உப்பு அயனி தன்னைச் சுற்றியுள்ள நீர்ப்போர்வையை உதற வேண்டும். அதற்குப் பெரும் ஆற்றல் தேவை. உங்கள் வீட்டு ஆர்ஓ சவ்வும், காட்டுப்பள்ளியில் 2010 முதல் ஓடும், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலையின் சவ்வும் உப்பை நிறுத்துவதில் இதற்கும் பங்குண்டு.

சரி, இதனால் நமக்கென்ன? களிமண்ணில் பாதிக்குப் பாதி தண்ணீர் இருக்கலாம், ஆனால் அது தண்ணீரை விடாது. தண்ணீர் அதனூடே மணலில் ஓடுவதைவிட லட்சம் மடங்கோ அதற்கும் மேலோ மெதுவாகத்தான் நகரும். ஒரு மழைக்காலத்தில் கீழ் மணல் நிரம்பிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. அழுத்தம் வெகுவாகக் குறைந்து களிமண் ஒருமுறை பிழியப்பட்டுவிட்டால், தகடுகள் நெருங்கிப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் பழைய நிலைக்கு முழுதாக வராது. கலிபோர்னியாவின் சான் ஹோக்கின் பள்ளத்தாக்கில் விவசாயத்துக்கு இறைத்து இறைத்தே 1925 முதல் 1977-க்குள் ஓரிடத்தில் நிலம் ஏறத்தாழ 9 மீட்டர் தாழ்ந்தது.

நம் பக்கத்தில் உடனடி ஆபத்து கடல். மீஞ்சூர் பகுதியில் நகரத்துக்கும் ஆலைகளுக்கும் வயலுக்குமாக இறைத்ததில், கீழ் மணலின் அழுத்தம் கடல் மட்டத்துக்குக் கீழே போனது. அப்புறம் கடல் உள்ளே நகர்வதைத் தடுக்க எதுவும் இல்லை. 1960-களின் பிற்பகுதியிலேயே உப்பு ஏறுவது தெரிந்தது. பின்னர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. சென்னைப் பெருநகர நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்த 1987-ல் தனிச் சட்டம் வந்ததற்கு இந்தப் பின்னணி உண்டு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு. நல்ல தண்ணீரில் அது 2 சதவீதம் கலந்தாலே 380 கூடிவிடும். குடிநீருக்கு விரும்பத்தக்க அளவு 250.

காசிமேடு, ராயபுரம் போல் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு மேல் மணலிலும் இதே கவலை. அங்கே நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் தாங்கும். அந்த 1 மீட்டரை இறைத்து இழந்தால் அடியிலிருந்து உப்பு மெல்ல ஏறிவரும். அப்போது போரை ஆழப்படுத்துவது உப்பைத் தேடிப் போவதாகத்தான் முடியும்.

ஆகவே ஆழத்துக்குப் போவதுதான் ஒரே வழி என்றால், களிமண்ணைத் துளைத்த இடத்தை அடைக்கச் சொல்லுங்கள். கேசிங் பைப்புக்கும் மண்ணுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைச் சல்லி போட்டு மூடிவிட்டுப் போவதுதான் வழக்கம். அந்தச் சல்லி வழியே சாக்கடையும், கொடுங்கையூர் குப்பைமேட்டைச் சுற்றி ஊறும் கசிவும், மணலிப் பக்கத்து ஆலைக்கழிவும் நேரே கீழ் மணலுக்கு இறங்கும். களிமண் வெகுகாலம் காத்துவந்ததை ஒரே நாளில் ஓட்டையாக்குகிறோம். அந்த ஆழத்தில் பென்டோனைட் குழம்பு இறக்க வேண்டும். அதுவும் வீங்கும் களிமண்தான். தகடுகளுக்கு நடுவே தண்ணீரை வாங்கி உப்பி, இடுக்கை இறுக்கிக்கொள்ளும். கைவிட்ட பழைய போரையும் இப்படித்தான் அடைக்க வேண்டும். மேலே ஒரு மூடியைப் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது.

மொட்டைமாடி மழைநீரை ஆழ்துளைக்குள் நேராக விடாதீர்கள். அழுக்கும் கூடவே போகும். மேல் மணலுக்கு ஒரு உறை கிணறு வெட்டி, வடிகட்டி விடுங்கள். ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் ஊரில், 100 சதுர மீட்டர் மாடி 1 லட்சம் லிட்டருக்குக் குறையாமல் தரும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி ஜனவரியிலும் மே மாதத்திலும் அளந்து, தேதியோடு சுவரிலேயே எழுதி வையுங்கள். இரண்டு மூன்று வருடம் எண் ஏறிக்கொண்டே போனால் மோட்டார் ஓடும் நேரத்தைப் பாதியாக்குங்கள். போரை மேலும் ஆழப்படுத்தாதீர்கள்.